பக்கத்து வீட்டு அக்காவின் குளோசப்

எங்கள் சித்தப்பா திங்கள் முதல் வெள்ளி வரை கணினி வேலை பார்ப்பார். சனி ஞாயிறுகளில் டைரக்டர். ஆபீசில் கிடைக்காத மரியாதையை அந்த இரண்டு நாளில் எங்களிடம் சேர்த்து வாங்கிவிடுவார். எனக்குப் பத்து வயதானபோது, சிட்னியில் எங்கள் டூங்கபி வீட்டு ஹாலில் அவர் ஒரு காதல் குறும்படம் எடுத்தார். பெரியம்மாவின் மகன், எங்கள் அண்ணா, அதில் காதலன். நான் கதாநாயகியின் தங்கை. எனக்கிருந்தது ஒரே வசனம். அதையும் பிறகு வெட்டிவிட்டார்.

கதாநாயகியின் தோழியாக நடித்தவர் பக்கத்து வீட்டு அக்கா. தென் சூடானிலிருந்து வந்த குடும்பம். பல்கலைக்கழகத்தில் நடிப்பும் ஒளிப்பதிவும் படித்துக்கொண்டிருந்தார். அந்தத் தோழிக்குப் படத்தில் வீடு இல்லை, அம்மா இல்லை. கதாநாயகி அழும்போது வந்து தோளில் தட்டிவிட்டுப் போவதுதான் வேலை. அவருக்கு ஏன் காதலன் இல்லை என்று கேட்டேன். “சிநேகிதி எண்டால் அப்பிடித்தான்” என்றார் சித்தப்பா.

இது தனக்கு ஐந்தாவது தோழி வேடம் என்று அக்கா ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். ஒருமுறையாவது யாராவது தன்னைக் காதலிக்கிற படத்தில் நடித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அப்போது சிரிக்கவில்லை.

கடைசி நாள் கதாநாயகி வரவில்லை. காதலன் அவளுடைய கையைப் பிடிக்கும் காட்சி அன்றைக்கு. விஷயம் எப்படியோ அவளுடைய அப்பாவின் காதுக்குப் போய்விட்டது. “என்ர பிள்ளையின்ர கையை ஒருத்தரும் பிடிக்கேலாது” என்று அவர் போனிலேயே கதையை முடித்துவிட்டார். சித்தப்பா தலையில் கை வைத்தபடி சோபாவில் உட்கார்ந்தார்.

“அக்காவையே காதலியாப் போடுங்கோவன்” என்றேன். அக்காவுக்கு எல்லாருடைய வசனமும் மனப்பாடம். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து எங்களைவிடத் திருத்தமாகச் சொல்வார்.

சனம் ஏற்காது என்றார் சித்தி. எந்தச் சனம் என்று கேட்டேன். சித்தி தேநீர் போட எழுந்து போனார். “அவவின்ர முகம் கமெராவில எடுபடாது பிள்ளை, இருட்டா விழும்” என்றார் சித்தப்பா, பிழையெல்லாம் கமெராவுடையது என்பது போல.

வசனத்தோடு சேர்த்து இந்தத் தமிழும் அக்காவுக்கு விளங்கும் என்று யாரும் நினைக்கவில்லை. அவர் எழுந்து, வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்ற லைட்டைத் தன் பக்கம் திருப்பினார். கமெராவில் எதையோ திருகினார். அண்ணாவை எதிரே உட்கார வைத்துக் கையை நீட்டினார். அண்ணா பிடித்தான்.

அக்கா அவனைப் பார்த்தார். கமெராவின் சின்னத் திரையில் அந்த முகத்தைக் கண்ட சித்தப்பா ‘கட்’ சொல்ல மறந்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்கச் சனத்துக்கு என்ன கஷ்டம் என்று அன்றைக்கு முழுவதும் யோசித்தேன்.

இரண்டு வாரத்தில் கதாநாயகியின் அப்பா இறங்கி வந்தார். கையைப் பிடிக்காமல், இரண்டடி தள்ளி நின்று காதலிப்பதானால் சம்மதமாம். சித்தப்பா காட்சியை மறுபடி எடுத்தார். இதை அக்காவிடம் சொல்ல மட்டும் அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

கொம்யூனிட்டி ஹாலில் படம் காட்டிய அன்று அக்கா தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். திரையில் கதாநாயகியும் அண்ணாவும் இரண்டடி தள்ளி நின்று காதலித்தார்கள். அடுத்து திரை நிறைய அக்காவின் முகம். அன்றைக்கு எடுத்த அதே ஷொட். அதை எறிய மனமில்லாமல், அவர்களுடைய காதலைத் தூர நின்று பார்த்துத் தோழி பூரிக்கிற இடமாகச் சித்தப்பா ஒட்டியிருந்தார். ஹால் முழுக்கக் கைதட்டல். “சிநேகிதியில எவ்வளவு பாசம் பாருங்கோ!” என்றார் பின்னால் ஒரு அன்ரி.

படம் முடிந்ததும் அக்கா சித்தப்பாவிடம் வந்து, தான் அந்த இடத்தில் யாரைப் பார்ப்பதாகக் கதை என்று ஆங்கிலத்தில் கேட்டார். உன் தோழியைத்தான், படத்திலேயே சிறந்த ஷொட் அதுதான் என்றார் சித்தப்பா, முகமெல்லாம் சிரிப்பாக. அக்கா தலையாட்டிவிட்டு, ரோல்ஸும் தேநீரும் வரும்வரை நிற்காமல் அம்மாவோடு வெளியே நடந்தார்.

அண்ணாவைப் பார்த்தது வெளியே தெரிந்துவிட்டதோ என்றுதான் அவர் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். கார் நிறுத்துமிடம் வரை பின்னால் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். பயப்படாதீர்கள் அக்கா, நீங்கள் அவனைப் பார்த்தது ஒருவருக்குமே தெரியவில்லை என்று சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று உண்மையாகவே நம்பினேன்.