கடலப் பத்தி பேசப் போய் தொண்டை கட்டின கதை

கற்பூரவள்ளி இலைய தணல்ல வாட்டினா ஒரு வாசம் வரும் பாருங்க... அந்த வாசம் எங்க வந்தாலும் எனக்கு இன்னிக்கும் மூஞ்சி சூடாயிடும். வெக்கத்துல.

அப்ப நான் யூனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் பண்ணிட்டு இருந்தேன். ஆழ்கடல் நீரோட்டம். மலேசியாவுல கேமரன் மலை தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதான் தொழிலாளிங்க வரிசை வீட்டுல பொறந்து, ஸ்கூல் முடிச்சப்புறம்தான் மொத மொத கடலையே பாத்தவ நான். எனக்கு இது தேவையா?

எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுல ஒரு வழக்கம். மேல்படிப்பு படிக்கிற புள்ளைங்கள மேடைக்கு கூப்பிட்டு மாலை போடுவாங்க. பெத்தவங்களுக்கும் பொன்னாடை. அந்த வருஷம் எங்க முறை.

அம்மாவுக்கு கால் தரையில படல. கொழுந்து பறிக்கிற எடத்துல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க. கம்போங் ராஜா டவுனுக்குப் போயி புது சேலை வேற. ஆனா "உன் மக என்னதான் படிக்கிறா?"ன்னு கேட்டா சொல்லத் தெரியல. "கடல் படிப்புதான் லா"ன்னு சமாளிச்சிருக்காங்க. பக்கத்து வீட்டு பாப்பம்மாக்கா விடுவாங்களா? "கடல்ல என்ன? மீனா, கப்பலா?"

அதனால அம்மா என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"மேடையில நீயே வெவரமா சொல்லிடு பாப்பா. எல்லாருக்கும் புரியிற மாதிரி."

கோயில் தலைவர் மைக்குல, "நம்ம லயத்துப் புள்ள, கடலுக்கு அடியில எறங்கி ஆராய்ச்சி பண்ணுது!"ன்னு ஒரே போடா போட்டாரு. நான் எங்க எறங்குனேன்... கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கணக்கு போடுறவ. கைதட்டல் அடங்கவே இல்ல.

மைக்க வாங்குனேன்.

மனசுல எல்லாம் இருக்கு. தென் துருவத்துப் பக்கம் தண்ணி ஜில்லுனு ஆயி, உப்பு ஏறி, கனமாயி அடியில எறங்கிடும். கடல் தரையோடயே ஊர்ந்து ஊர்ந்து, நூத்துக்கணக்கான வருஷம் கழிச்சுதான் மேல வரும். இப்ப பூமி சூடாக சூடாக பனி உருகி நல்ல தண்ணி கலக்குது. உப்பு கொறையுது, கனம் கொறையுது, எறங்குறதும் கொறையுது. அந்த ஓட்டம் மெதுவாச்சுன்னா மேல இருக்கிற சூட்ட கீழ கொண்டு போக ஆளில்ல. மழைகூட எடம் மாறலாம்...

இன்னிக்கு எவ்ளோ ஈஸியா எழுதிட்டேன் பாருங்க. அன்னிக்கு? படிச்சதெல்லாம் இங்கிலீஷ்லயும் மலாய்லயும். "கடல்ல... வந்து... டென்சிட்டி..."ன்னேன். அடுத்த வார்த்தை வரல. தமிழ்ப் பள்ளியில பேச்சுப் போட்டிக்கு கப் வாங்குன வாய்ங்க இது! முன் வரிசைல பாப்பம்மாக்கா ஆன்னு பாத்துட்டு இருக்காங்க. அலாமாக்... மானம் போகுதே.

பக்கத்துல பொன்னாடையோட நின்ன அம்மா மைக்க வாங்குனாங்க. வாழ்க்கையில மைக்கே புடிச்சதில்ல.

"புள்ளைக்கு குளிர் ஒத்துக்கல. தொண்டை கட்டிக்கிச்சு. மன்னிச்சுக்குங்க."

கும்பிட்டுட்டு என் கையப் புடிச்சு எறக்கிட்டாங்க.

அதோட விட்டுச்சா? மறுநாள் விடிஞ்சதும் லயமே எங்க வீட்டு வாசல்ல. ஒருத்தர் கற்பூரவள்ளி சாறு, ஒருத்தர் மிளகு ரசம், ஒருத்தர் இஞ்சி போட்ட தேத்தண்ணி. "பேசாத, பேசாத, புண்ணாயிடும்"னு பாப்பம்மாக்கா தன் கையாலயே ஊட்டி விடுறாங்க. திருவிழா முடியிற வரைக்கும் நான் கிசுகிசுன்னே பேசுனேன். ஒவ்வொரு மடக்கும் முழுங்கறப்ப செத்துடலாம் போல இருந்துச்சு. அம்மா என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. நானும்தான்.

இப்ப கதையே வேற. அதே நீரோட்டத்தப் பத்தி ஆன்லைன்ல ஸ்கூல் புள்ளைங்களுக்கு தமிழ்ல பேசுறேன், தடுமாறாம. அம்மா தினமும் போன் பண்ணுவாங்க. சாப்ட்டியா, அங்க மழையா, எப்ப வர்ற... எல்லாம் கேப்பாங்க. வேலையப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. நானா ஆரம்பிச்சாலும் "சரி சரி, போய் ரெஸ்ட் எடு"ன்னு பேச்ச மாத்திடுவாங்க.

ரொம்ப நாளா ஆர்வம் இல்லன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். அது இல்லங்க...

நான் மறுபடி திக்கி நின்னுடுவேனோன்னு அவங்களுக்கு பயம்.