கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவர்

காகிதக் கட்டைக் கவிழ்த்துப் போட்டு, கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவார். நானூறு பக்க விளக்கமானாலும் சரி, மர அளவுகோலை வரிக்கடியில் வைத்துப் பின்னாலிருந்து முன்னால் வருவார். "முதல் பக்கத்துல எல்லாரும் நல்லவங்கதான். போகப் போகத்தான் எழுதினவனுக்குக் கை வலிக்கும், உண்மை வெளிய வரும்."

தகவல் பாதுகாப்பு ஆணையத்தில் விசாரணை அதிகாரி அவர். ஐம்பத்து நான்கு வயது. ஊர் உலகத்தின் பேச்சையும் படத்தையும் சேர்த்து வைத்திருக்கும் நிறுவனங்களை ஒரு மேசை, ஓர் அளவுகோல், நாளுக்கு நான்கு முறை தாள் சிக்கும் பிரிண்டர் ஆகியவற்றை வைத்துக்கொண்டு மிரட்டி வருகிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் சல்லடை. அது அவர் காதுக்கும் வந்தது. "ஓட்டை நிறைய இருக்குன்னு சொல்றாங்க போல," என்றார்.

ஒருமுறை பதினோரு வழக்கறிஞர்கள் வந்தார்கள். அறையில் நான்கு நாற்காலிகள். ஐந்தாவதைக் கொண்டுவரச் சொல்லவில்லை. "நிக்கிறவங்க சுருக்கமாப் பேசுவாங்க."

வாசல் காவலாளியையும் விட்டுவைக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் ஒருவர் எழுதிய தொலைபேசி எண் அடுத்தவர் கண்ணில் படுகிறதென்று, ஒரு வரி மட்டும் தெரியும்படி அட்டையில் துளை வெட்டிக் கொடுத்தார்.

"பெரிய பெரிய கம்பெனியை எல்லாம் விட்டுட்டு என் நோட்டுக்கு வந்துட்டீங்களேம்மா."

"அவங்களும் இதையேதான் சொல்றாங்க. எங்களை விட்டுட்டு வேற ஆளைப் பாருங்கன்னு."

போன வாரம் அந்தத் துளைக்குள் பெயர் எழுதிவிட்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். மென்பொருள் பொறியாளர். கையில் தந்தையின் இறப்புச் சான்றிதழ். அவர் போய்ப் பத்தொன்பது நாள்.

தந்தை தனியாக இருந்தவர். பேசினால் பதில் சொல்லும் ஒலிபெருக்கி ஒன்றை மகள்தான் வாங்கி மாட்டிக் கொடுத்தாள். கூப்பிடாமலே அது விழித்துக்கொள்கிறது என்று அவர் சொன்னபோது, "மைக் கொஞ்சம் கூர்மைப்பா, பழகிடும்" என்றாள். அவருக்குப் பழகவில்லை. ஆணையத்துக்குப் புகார் எழுதினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டுமே பதிவு செய்கிறோம் என்றது நிறுவனம். இரண்டு வருடம் மல்லுக்கட்டி அதிகாரி அந்த வீட்டின் பதிவுகளை வரவழைத்தார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. தொண்ணூறில் தந்தை சொல்வது ஒன்றுதான்: "ஏய், உன்னை யாரு கூப்பிட்டா?" தனக்கு எதிரான சாட்சியத்தை நிறுவனம் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தது.

சான்றிதழை வாங்கிக்கொண்டு அதிகாரி ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். நிறுவனத்தின் இரங்கல் கடிதம். சான்றிதழுக்கு ஆறு நாள் முன்பே வந்துவிட்டது.

"கணக்கை மூடும்போது காரணம் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. எழுதினேன்."

வழக்கம்போலக் கடைசிப் பத்தியிலிருந்து படித்தார். சட்டம் உயிருடன் இருப்போருக்கு மட்டுமே. இறந்தவர் சட்டப்படி நபர் அல்ல. ஆகவே புகாரை முடித்துவைக்க வேண்டுகிறோம். ஆழ்ந்த வருத்தம் அதற்கு மேல் இருந்தது.

"சட்டப்படி சரிதான். நாளைக்குக் கோப்பை மூடியாகணும்."

"அப்போ அவங்க செஞ்சது?"

"செஞ்சது செஞ்சதுதான். கேக்கத்தான் ஆள் இல்ல." அளவுகோலைத் திருப்பிப் போட்டார். "அப்பா ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டு உங்ககூடப் பேசுவாரா?"

"தினமும். சாயங்காலம்."

"அப்படின்னா உங்க குரலும் மாட்டியிருக்கும். உங்க பேர்ல புகார் குடுத்தா கோப்பு நிக்கும். ஆனா ஒண்ணு. புகார்ல கேக்கறதே அழிக்கச் சொல்லித்தான். உங்களை மட்டும் தனியாப் பிரிச்சு அழிக்க மாட்டாங்க. மொத்தமாப் போயிடும்மா."

அழித்தால் எங்கெங்கே அழியும் என்பது அவளுக்குத் தெரியும். அது அவள் தொழில். தந்தையோ கேமராவைக் கண்டால் அடுத்த அறைக்குப் போகிறவர். அவர் குரல் வேறு எங்கும் இல்லை.

"அப்பா புகார்ல என்ன எழுதியிருந்தார்?" என்று கேட்டாள்.

அதிகாரி கோப்பை அவள் பக்கம் திருப்பினார். சாய்ந்த கையெழுத்து. 'என் வீட்டில் நான் பேசியது என் வீட்டோடு போகட்டும்.'

மகள் பேனாவை வாங்கிப் புதுப் புகார்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். மை பிடிக்கவில்லை. இரண்டாம் முறை போட்டாள்.

"அழிக்கறதுக்கு முன்னால, உங்க குரல் இருக்கிற பதிவுக்கு நகல் கேக்கலாம். உங்க உரிமை. அதுல வேற நபர் பேசியிருந்தா, அந்தக் குரலை மறைச்சுத்தான் குடுக்கணும்."

அவள் தலையாட்டினாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று அவள் கேட்பது மட்டும் இருக்கும். பதில் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது.

அதிகாரி இரங்கல் கடிதத்தை மறுபடி இழுத்து, ஒரு வரிக்கடியில் அளவுகோலை வைத்தார்.

"இறந்தவர் நபர் அல்ல. அவங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அப்போ இதுல மறைக்கறதுக்கு யாருமே இல்லையே."

நகல் தர ஆணை எழுதி முத்திரை குத்தினார். பிறகு கணினியில் அவர்கள் இருவரும் பேசும் பதிவுகளைத் தேடி எடுத்தார். நாற்பத்து மூன்று.

"உங்க குரல்தானான்னு கேட்டுச் சொல்லணும். விதி."

ஹெட்போனை அவள் பக்கம் நகர்த்தி, முதல் பதிவை ஓடவிட்டார். தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டார்.