கையெழுத்து வாங்கப் போன நான்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதம். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை பஸ்ஸில் ஏறி, அதற்கும் மேலே மலையோரம் இருந்த ஒரு போராட்ட முகாமுக்குப் போனேன். அப்போது நான் சமூகவியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். காலநிலைக்காகப் போராடுகிறவர்கள் வீட்டை விட்டு வந்து, கூடாரம் போட்டு, நாட்கணக்கில் எப்படி ஒன்றாக இருக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு.

ஓடை பிறக்கிற காட்டை வெட்டி ஹோட்டல் கட்டப் போகிறார்களாம். அதைத் தடுக்கத் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், சிங்கள விவசாயிகள், மிளகு பயிரிடும் முஸ்லிம்கள் எல்லோரும் இருந்தார்கள். எனக்கு எதைப் பார்த்தாலும் கேள்விதான். யார் சமைப்பது? கொழுந்து பறித்துவிட்டு வருகிறவர்கள் எப்போது முறை மாறுவது? எல்லோரும் ஒரே சட்டியில் சாப்பிட வேண்டும் என்பதற்காக அந்த அடுப்பில் மீனோ இறைச்சியோ ஏறுவதே இல்லை என்று தெரிந்ததும் ஆசையாகக் குறித்துக்கொண்டேன்.

பேட்டிக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பேசுகிறவர்களைப் பாதுகாக்கத்தான் அந்தப் படிவம். பெரிய கெட்டிக்காரி போல பேனாவும் படிவமுமாக வரிசையாக நீட்டினேன். ஒருவர் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று எழுந்துவிட்டார். அடுத்தவர் தண்ணீர் எடுக்கப் போனார். என் பிளேன்டீ ஆறுவதற்குள் கூடாரம் காலி. கோபம்கூட வந்தது, மறைப்பானேன்.

அடுப்படியில் இருந்த ஓர் அக்கா மட்டும் போகவில்லை.

"மிஸ் மேல கோவம் இல்லீங்க. போன வருசம் ஒருத்தர் வந்தாரு. கூட்டத்துக்கு வந்ததுக்கு ஒரு கையெழுத்துன்னாரு, போட்டோம். அப்புறம் பாத்தா, காட்ட வெட்ட நாங்க சம்மதிச்சதா ஹோட்டல்காரங்க அந்தப் பேப்பரத்தான் காட்டுறாங்க. இனிமே எதுலயும் கையெழுத்து போடறதில்லன்னு பேசி வச்சிருக்கோம்."

கையிலிருந்த படிவத்தைப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் 'சம்மதம்' என்றுதான் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

படிவங்களைப் பைக்குள் திணித்துவிட்டு, என் விரிவுரையாளருக்குப் போன் செய்தேன். வாய்ச்சொல் போதும் என்றார். அதைச் சொன்னதும் எல்லோரும் கூடிப் பேசினார்கள். பிறகு அந்த அக்கா ஒரு கொப்பியில் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினார்.

"நாங்க வாயால சொல்றோம் மிஸ். நீங்க இதுல போடுங்க."

'நீங்கள் சொன்னதை மாற்றி எழுத மாட்டேன். எழுதி முடித்ததும் இங்கே வந்து வாசித்துக் காட்டுவேன்' என்று இருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு கடைசி பஸ் வரும்வரை அவர்கள் பேச்சை நிறுத்தவே இல்லை.

அடுத்த வருடம் போய் வாசித்துக் காட்டினேன். அந்த அக்காவைத் 'தலைவி' என்று எழுதியிருந்தேன். "தலைவியெல்லாம் யாருமில்லீங்க, எல்லாருக்கும் முறைதான்" என்று அந்தச் சொல்லை அங்கேயே அடித்துவிட வைத்தார்கள்.

காடு இன்னும் நிற்கிறது, ஹோட்டலுக்கு எதிராக அவர்கள் போட்ட வழக்கும் நடக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன், ஆனால் யாரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கொப்பியில் இருக்கும் என் கையெழுத்துதான்.