சிவப்புப் பேனையால் வெட்டிய மே/பா

அலுமாரியின் மேல் லாச்சிக்குள் ஒரு நீளமான மண்ணிறக் கடித உறை கிடக்கிறது. இடது மூலையில் நான் வேலை செய்த பிரதேச சபையின் முத்திரை. நடுவில் ஒரு பெண்ணின் பெயர். அதற்குக் கீழே ‘மே/பா’ என்று தொடங்கி ஒரு கடையின் பெயர். அந்த ‘மே/பா’வின் மேல் சிவப்புப் பேனையால் ஒரு கோடு. ஒரே இழுப்பு, கடதாசி கிழியும் அளவுக்கு அழுத்தம். மூக்குக்கண்ணாடியைத் தேடினாலும் மருந்துச் சீட்டைத் தேடினாலும் அந்த உறைதான் முதலில் கைக்கு வருகிறது. எறியவும் மனமில்லை, அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை.

அந்தக் கோட்டை இழுத்தவரைச் சபையில் எல்லோரும் மெம்பர் அக்கா என்றுதான் சொல்லுவோம். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். ஆனாலும் எனக்கும் அக்காதான். பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் சபைக்கு வந்தவர், பேச்சு மேடைக்குப் பழக்கமில்லாதவர். கலவரக் காலத்தில் மலையிலுள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, நறுவிலிக்குளம் பக்கத்துக் காட்டை வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். ஆனாலும் பேச்சில் தாய் தகப்பனின் தோட்டம் அப்படியே இருந்தது. என்னைக் ‘கிளாக்கர் ஐயா’ என்று கூப்பிடுவார். நான் சபையின் பிரதம லிகிதர். தோட்டத்தில் கிளாக்கர் ஐயா என்றால் சனத்தை வாசலில் காக்கவைக்கும் ஆள் என்பது எனக்குத் தெரியும் என்பதால், அந்த அழைப்பு மரியாதையா குத்தலா என்று கடைசிவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

நான் இருந்த இடத்தில் இருக்காதவன். மேசைக்குக் கீழே என் கால் எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கும். “உங்கட காலுக்கு ஒரு ஆணி அடிக்கவேணும்” என்று என் மனைவி இருந்த காலத்தில் சொல்லுவாள். அப்படிப்பட்டவன் முன்னால், எவ்வளவு நேரமென்றாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கக்கூடிய ஒரு ஆளைக் கொண்டுவந்து இருத்தினால் என்ன ஆகும்? ஒவ்வொரு திங்கட்கிழமையும் எனக்கு அதுதான் நடந்தது. அதற்குக் காரணம் ஒரு தீர்மானம்.

தபால் சேவையை நாடு முழுக்க மறுசீரமைக்கப் போகிறார்கள், உள்ளூராட்சி மன்றங்கள் ஆதரவு தரவேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒழுங்கைகளுக்குப் பெயர் வைத்து, வீடுகளுக்கு இலக்கம் போட்டு, பட்டியலைத் தபாலகத்துக்குக் கொடுத்தால் கடிதமும் பொதியும் வீட்டு வாசலுக்கு வரும். மெம்பர் அக்கா எழுந்து தீர்மானத்தை முன்மொழிந்தார். ஒருவரும் எதிர்க்கவில்லை. ஆதரவு கொடுப்பதைப் போல லேசான காரியம் சபையில் வேறொன்றும் கிடையாது. கையைத் தூக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். நான் அதைப் பதிவில் எழுதி, கோவையில் போட்டு, கோவையை அடுக்கில் வைத்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அவர் வந்தார். என் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“கிளாக்கர் ஐயா, லிஸ்டு எந்த மட்டுல இருக்குங்க?”

“எந்த லிஸ்ட், மெம்பர் அக்கா?”

“நம்ம ஊட்டு நம்பர் லிஸ்டு.”

“தீர்மானம் இப்பதானே போட்டது. கொஞ்சம் பொறுங்கோ.”

“சரிங்க” என்றார். ஆனால் எழும்பவில்லை. பத்தரை பஸ்ஸில் வந்தவர் ஒரு மணி பஸ் வரும்வரை அங்கேயே இருந்தார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டு முடித்திருப்பேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். எனக்குக் கால் ஆடியது, பேனை விழுந்தது, எழுதிய எழுத்துப் பிழைத்தது. அதற்கடுத்த திங்களும் வந்தார். அதற்கடுத்த திங்களும். பெரியமடுப் பக்கம் மழை கொட்டி ரோட்டை மேவித் தண்ணீர் பாய்ந்த வாரத்திலும் முழங்கால் வரை சேற்றோடு வந்து அதே கேள்வியைக் கேட்டார். கதிரையைத் தூக்கி உள்ளறையில் போட்டுவிடலாமா என்றுகூட ஒருநாள் யோசித்தேன். உண்மையைச் சொன்னால், அவருடைய தொல்லையிலிருந்து தப்புவதற்காகத்தான் கோவையை அடுக்கிலிருந்து இறக்கினேன்.

ஒழுங்கைகளுக்குப் பெயர் வைப்பதில் சபை ஒரு மாதத்தைத் தின்றது. ஒருவர் தன் தகப்பனின் பெயரைக் கொண்டுவந்தார், ஒருவர் தன் கட்சிப் பெரியவரின் பெயரை. மெம்பர் அக்கா ஒரு கொப்பித்தாளை நீட்டினார். குழாயடி ஒழுங்கை, புளியடி ஒழுங்கை, தண்ணித்தாங்கி ஒழுங்கை. பெண்கள் வாயில் ஏற்கெனவே இருந்த பெயர்கள். வேறு வழியில்லாமல் அதையே ஏற்றுக்கொண்டார்கள்.

பிறகு இலக்கம் போடப் போனோம். சோளகக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் பட்டியலோடு முன்னால், பெயின்ற் வாளியும் தகரத்தில் வெட்டிய எழுத்தச்சுமாகச் சபைத் தொழிலாளி பின்னால், மெம்பர் அக்கா எல்லோருக்கும் முன்னால். சனத்துக்குச் சந்தேகம். இலக்கம் போட்டால் பின்னாலேயே வீட்டுக்குச் சோலைவரி வரும் என்று சிலர் படலையைத் திறக்கவில்லை. ஒரு வயதானவர் சுவரை மறைத்துக்கொண்டு நின்றார்.

“லயத்துல தான் நம்பரு அடிச்சி வெச்சிருந்தாங்க. இங்கயும் அதுவா?”

“மாமா, அது தோட்டத்தோட நம்பரு. இது ஒங்க ஊட்டு நம்பரு” என்றார் மெம்பர் அக்கா. “இனி ஒங்களுக்கு வர்ற கடுதாசில ஒங்க பேருக்கு அடியில வேற ஆளு பேரு இருக்காது.”

வயதானவர் கொஞ்சம் யோசித்துவிட்டு விலகி நின்றார். அந்தப் பேச்சு எனக்கு அன்று விளங்கவில்லை. அந்த ஊரில் யாருக்குக் கடிதம் வந்தாலும் ரோட்டுக்கடையின் பெயரைப் போட்டுத்தான் வரும். பெயர், அதற்குக் கீழே மே/பா, அதற்குக் கீழே கடை. மே/பா என்றால் மேற்பார்வை, இன்னார் மூலம் கிடைக்கும் என்று பொருள். இதில் என்ன குறை என்று கேட்டேன். அவர் நடந்துகொண்டே சொன்னார்.

“தோட்டத்துல கடுதாசி ஆபீசுக்குத்தான் வரும். கங்காணி மனசு வெச்சா குடுப்பாரு. எங்கப்பாவுக்கு அவங்கம்மா செத்த கடுதாசி எட்டு நாளு கழிச்சித்தான் கெடைச்சிச்சி. அங்கதான் மேற்பார்வை. காட்ட வெட்டி, கெணறு தோண்டி, ஊட்ட கட்டினதுக்கு அப்புறமும் மேற்பார்வைன்னா எப்பிடிங்க?”

கடைக்கு இலக்கம் போடும்போது முதலாளி எங்களுக்குச் சோடா உடைத்துத் தந்தார். நல்ல மனிதர். வரும் கடிதங்களை ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு வைத்து, அரிசி வாங்க வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். மெம்பர் அக்கா அடுத்த வீட்டுக்குப் போனதும் என் காதருகே வந்தார்.

“அந்தப் பிள்ளையின்ர கடிதம் கொப்பிக் கட்டுக்குள்ள போயிட்டுது சேர். பள்ளிக்கூடம் துவங்கி கட்டை அவிழ்க்கேக்கதான் கண்டனான். நான் வேணுமெண்டு செய்யேல்லை.”

எந்தப் பிள்ளை என்று விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மெம்பர் அக்காவின் மகளுக்குத் தாதியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்திருந்தது. அது கைக்குக் கிடைத்தபோது தேர்வு முடிந்து இரண்டு கிழமை. வயதெல்லை தாண்டுவதற்கு முன் இன்னும் ஒரே ஒரு தடவைதான் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்தாயிற்று. இனி அந்தக் கடிதம் எந்த நாளிலும் வரலாம். சபையின் காலம் முடிய ஐந்து வாரம் இருந்தது. அத்தனை திங்கட்கிழமையும் என் முன்னால் இருந்தவர் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இரங்கியிருப்பேன். அவருக்கு வேண்டியது இரக்கம் இல்லை போலும்.

அதற்குப் பிறகு நான் வேறு ஆளாகிவிட்டேன். ஓடினேன். பட்டியலை நானே தட்டச்சு செய்தேன், தவிசாளரைக் கூட்டத்தின் நடுவில் பிடித்துக் கையெழுத்து வாங்கினேன், தபாலகத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசி வேலையாக ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் ஒரு கடிதம் அனுப்பினேன். ‘உங்களுடைய புதிய விலாசம் பின்வருமாறு’ என்று தொடங்கும் கடிதம். சபையின் காலம் முடிவதற்கு முன் அனைத்தையும் தபாலில் சேர்த்துவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாகக் காலை ஆட்டாமல் தேநீர் குடித்தேன். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

சபையின் கடைசித் திங்கட்கிழமை மெம்பர் அக்கா வந்தார். கதிரையில் உட்காரவில்லை. நின்றபடியே ஒரு கடித உறையை என் மேசையில் வைத்தார். என் மேசையில் இருந்த சிவப்புப் பேனையை எடுத்து, உறையின் மேல் ஒரு கோடு இழுத்தார். அப்போதுதான் நான் பார்த்தேன். உள்ளே அவருடைய சொந்த விலாசத்தை அறிவிக்கும் கடிதம். வெளியே, மே/பா ரோட்டுக்கடை.

அவசரத்தில் பழைய தண்ணீர் விநியோகப் பட்டியலிலிருந்து உறைகளுக்குப் பெயரும் விலாசமும் எழுதியிருக்கிறேன். கை தன்பாட்டில் எழுதிக்கொண்டு போயிருக்கிறது. ஒரு உறை அல்ல, அந்த ஊருக்குப் போன அத்தனை உறையும். ‘இனி உங்கள் வீட்டுக்கே வரும்’ என்ற செய்தி கட்டுக்கட்டாகப் போய் அந்தப் பிஸ்கட் தகரத்துக்குள் விழுந்திருக்கிறது. பட்டியலைக் கையில் வைத்திருந்த தபால்காரரும், சபையே கடையின் பெயரைத்தானே போடுகிறது என்று மற்றக் கடிதங்களையும் பழையபடி கடையிலேயே கொடுத்துவிட்டுப் போகிறாராம்.

“மகளின்ர கடிதம்?” என்று கேட்டேன்.

“கெடைச்சிடிச்சி. நாளைக்கி கொழும்புக்கு போறா.” கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “ஒரு மாசமா தெனமும் காலையில தபால் கந்தோரு வாசல்ல போயி நின்னேன். தபால்கார தம்பி வெளிய வர்றப்பவே கையில வாங்கிட்டேன். கடுதாசி எங்களுக்கு கெடைச்சிடிச்சிங்க. ஆனா எங்க ஊட்டுக்கு வரல்ல.”

எனக்கு அப்போது ஒரு மூடத்தனம் செய்யத் தோன்றியது. சிரித்துக்கொண்டு, “எப்பிடியோ கிடைச்சிட்டுதுதானே, மெம்பர் அக்கா” என்று சொன்னேன். அவர் பேனையை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். அந்த வாக்கியத்தை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அந்தக் கிழமை முழுக்க எல்லா உறைகளையும் புதிதாக என் கையால் எழுதி அனுப்பினேன். குழாயடி ஒழுங்கை, புளியடி ஒழுங்கை, இலக்கம், பெயர். அவ்வளவுதான். ஆனால் சபை கலைந்துவிட்டது. மெம்பர் அக்கா இப்போது மெம்பரும் இல்லை. திங்கட்கிழமைகளில் அந்தக் கதிரை சும்மா கிடந்தது. பத்தரை பஸ்ஸின் சத்தம் கேட்டால் நான் வாசலைப் பார்ப்பேன். அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. தபால்காரர் ஒழுங்கைக்குள் போகிறார் என்று ஒருவர் சொல்லுவார், மழைக்குக் கடையோடு திரும்பிவிடுகிறார் என்று இன்னொருவர் சொல்லுவார். எது சரி என்று தெரியாமலே ஓய்வு பெற்றேன்.

இப்போது பெருநிலத்திலிருந்து வரும் பாலத்துக்கு இந்தப் பக்கம், தீவில் மகள் வீட்டில் இருக்கிறேன். மருமகனுக்கு இரண்டு படகு. தங்கமான பிள்ளைகள். எனக்கு ஒரு குறையும் இல்லை, கால் ஆடுவதைத் தவிர. போன கிழமை ஆஸ்பத்திரியில் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்றார்கள். நாள் குறித்துத் தபாலில் அறிவிப்பார்களாம். படிவத்தை எனக்காக மகள்தான் நிரப்பினாள். முடித்து, கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினாள். கண்ணாடியை லாச்சிக்குள்ளிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். என் பெயர். அதற்குக் கீழே மே/பா. அதற்குக் கீழே மருமகனின் பெயர்.

நான் யோசிக்கவில்லை. கையில் இருந்த பேனையால் அதை வெட்டினேன்.

“அப்பா, இதென்ன செய்யிறியள்?” மகளின் முகம் வாடிவிட்டது. “அவரின்ர பேரைப் போட்டா உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு? நாங்கள் ஆர் உங்களுக்கு?”

அப்படி இல்லை பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். எப்படி இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. லாச்சிக்குள் இருந்த உறையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, கதை முழுவதையும் சொன்னேன். அவள் அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு, “சரி, வீட்டு விலாசத்தையே போடுவம். சொல்லுங்கோ” என்றாள்.

“இலக்கம் என்ன?”

“எங்கட வீட்டுக்கு நம்பர் எங்கயப்பா? இந்த ஒழுங்கைக்குப் பேரே இல்லை. தபால்காரர் இவரின்ர பேரைக் கேட்டுத்தான் வாறவர்.”

எழும்பி வாசலுக்குப் போனேன். ஒரு ஊருக்கே இலக்கம் போட்டவன், குடியிருக்கும் வீட்டின் சுவரை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். வெறும் சுவர். உப்புக் காற்றுக்குச் சுண்ணாம்பு உரிந்திருந்தது. அங்கேயே எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. திரும்பி வந்து படிவத்தை வாங்கி, வெட்டியதற்கு மேலே, என் கையாலேயே, மே/பா என்று மறுபடியும் எழுதினேன். கண் தெரியவேண்டும் அல்லவா. அந்த இரண்டு எழுத்தும் ஒரு சாய்கோடும் எழுதுவதற்கு எவ்வளவு கூசும் என்பது எழுதும்போதுதான் தெரிந்தது.

“திங்கட்கிழமை காலமை நகரசபைக்குப் போறன்” என்று மகளிடம் சொன்னேன்.

“என்னத்துக்கு?”

“இந்த ஒழுங்கையின்ர லிஸ்ட் எந்த மட்டில எண்டு கேக்க.”

“உடன செய்து தந்திடுவினமோ?”

“தராயினம்” என்றேன். “லிகிதருக்கு முன்னால ஒரு கதிரை கிடக்கும். அதில இருப்பன்.”