கடல் ஊமையான காலை

எனக்குக் கடல் என்றால் ஆகாது. ஆனாலும் கொடைக்கானல் பஜாரில் கம்பளிக் கடை வைத்துக்கொண்டு, பகலெல்லாம் கடலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். யுத்தகாலத்தில் ராணுவத்தில் தந்தி அடிக்கக் கற்றவன். திரும்பி வந்ததும், ஏலத்தில் விட்ட ராணுவ ரேடியோ ஒன்றை வாங்கிக் கடைக்குப் பின்னறையில் வைத்தேன். ஊரார் சிற்றலையில் பாட்டுக் கேட்டார்கள். நான் அதே சிற்றலையில் கப்பல்களும் துறைமுகங்களும் தந்தியில் பேசிக்கொள்வதைக் கேட்டேன். கேட்கத்தான் முடியும், பதில் பேச வழியில்லை. "இதுல என்ன சோலி பாய் உங்களுக்கு?" என்பார்கள். கிறுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம், அந்தக் கிறுக்கு என்னைக் கொல்லப் பார்த்தது.

பினாங்கில் வியாபாரம் செய்துவந்த அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), கடையை ஏறக்கட்டிவிட்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறியிருந்தார். வழியில் புயல் என்று கரையிலிருந்து எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. அத்தாவின் கப்பலில் தந்தி அடிப்பவன் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து அடிப்பான். எத்தனை பேர் நடுவிலும் அவனை எனக்கு அடையாளம் தெரியும். இரண்டு நாளாக அவனை விட்டு நான் நகரவில்லை.

அன்று காலை மலையில் மூடுபனி விலகி நல்ல வெயில். அம்மா கதவருகில் வந்து நின்றாள்.

"ஏலே, கப்பல் என்ன சொல்லுது?"

"காத்து பலமா இருக்காம், அம்மா. மெதுவா வருதாம்."

சொல்லி வாய் மூடவில்லை, அவன் மறுபடி கூப்பிட்டான். பாதி வார்த்தையில் தேய்ந்து மறைந்தான். அவனோடு கரை நிலையமும் போயிற்று, மற்றக் கப்பல்களும் போயின. திருகித் திருகிப் பார்த்தேன். வழக்கமான இரைச்சல்கூட இல்லை.

வால்வு போய்விட்டது என்று நினைத்து ஆறுதல்பட்டேன். மத்திய அலைக்குத் திருப்பினால் திருச்சி வானொலி கணீரென்று பேசுகிறது. ரேடியோவில் கோளாறு இல்லை.

அப்போதுதான் கப்பல்காரர்களின் சட்டம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு கப்பல் ஆபத்து என்று கூப்பிட்டால், அந்தக் குரல் கேட்கவேண்டும் என்பதற்காக மற்றவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இப்போது எல்லாரும் மூடிவிட்டார்கள். கூப்பிட்டவன் குரலும் இல்லை. இதற்கு ஒரே அர்த்தம்தான் எனக்குத் தெரிந்தது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவும் பயம், கழற்றுகிற நேரம் பார்த்து அவன் கூப்பிட்டுவிட்டால்?

"ஏன்லே மூஞ்சி இப்படிக் கெடக்கு?" என்றாள் அம்மா.

பொய் வரவில்லை. "கப்பல் பேசமாட்டேங்குதும்மா."

"மத்த கப்பலு?"

"அதுகளும் பேசல."

அம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து ஓத ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தைரியமும் போய்விட்டது.

எவ்வளவு நேரமோ தெரியாது. மலைமேல் சூரியனை ஆராயும் கூடத்தில் வேலை பார்க்கும் வாடிக்கைக்காரர் ஒருவர் கடைக்குள் நுழைந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாய், உங்க ரேடியோ செத்துச்சா? சூரியன்ல ஒரு வெடிப்புங்க! உலகத்துல பகலா இருக்கற பக்கம் பூராவும் சிற்றலை காலி. இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல!"

ஓங்கி அறையலாமா, காலில் விழலாமா என்று இருந்தது. "அப்ப கப்பல் முழுகலையா?" என்று கத்தினேன்.

அவர் சிரிப்பு நின்றது. "எந்தக் கப்பல் பாய்? எனக்குச் சூரியனைத்தான் தெரியும்."

அதுவும் சரிதான். கப்பலின் வாயைச் சூரியன் அடைத்திருக்கலாம். புயல் என்ன செய்தது என்பதை யார் சொல்வது? போன பயம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, ரேடியோவில் முதலில் இரைச்சல் வந்தது. பிறகு கரை நிலையம், பிறகு எங்கோ ஒரு கப்பல். அது அவன் இல்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. கடைசியில், எழுத்தை இழுத்துக்கொண்டு, சாவதானமாக அவன் வந்தான். கரையில் வாங்கவேண்டிய சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னலே சொல்றான்?" அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உருளைக்கிழங்கு வேணுமாம், அம்மா. கப்பல்ல தீந்துபோச்சாம்."

அம்மா என்னையே பார்த்தாள்.

"தீர்ற வரைக்கும் உருளைக்கிழங்கையா போட்டானுக? உங்கத்தாவுக்கு அது வாய்வாச்சேலே" என்று சொல்லிவிட்டு, வாய்விட்டு அழுதாள்.