கதவில் செருகிய செருப்பு

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து எங்கள் ஆலையில், காற்றை மோந்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். பொய். என் மூக்கு வருஷம் முழுக்க அடைத்திருக்கும். சுவரில் மீட்டர் இருக்கிறது. அதைப் பார்த்து நோட்டில் எழுதுவதுதான் என் வேலை. ஆறாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு அதற்குமேல் எவன் கொடுப்பான்?

தீப்புண்ணில் ஒட்டும் மெல்லிய ஃபிலிம் செய்கிறோம். பிளாஸ்டிக் கரைசலைக் காகிதத்தில் தடவி ஓடவிட்டால், கரைசல் ஆவியாகிப் பறக்கும்போது மேல்பக்கம் சில்லிட்டுப் போகும். அறையில் ஈரம் இருந்தால், ஐஸ் தண்ணீர்ச் சொம்பு போல அதுவும் வேர்க்கும். துளி காய்ந்துவிடும். துளி உட்கார்ந்த குழி காயாது. கிருமிக்கு அது வாசல்.

கரைசல் தீப்பற்றும் என்பதால் அறைக்குள் கற்பூரம் கூடாது. ஆனால் அமாவாசைக்கு மெஷினுக்குத் தீபம் காட்டாமல் இருக்க முடியுமா? மெஷினை நிறுத்தி, கதவைத் திறந்து, தூரத்து வராந்தாவிலிருந்து காட்டுவோம். பிறகு கதவைச் சாத்தி, மீட்டர் இறங்கியதும் ஓட்டுவோம்.

முந்தாநாள் அமாவாசை. மாமல்லபுரம் பக்கமிருந்து கறுத்து ஏறி வந்தது வானம். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க என் செருப்பைச் செருகினேன். பூஜை முடிந்ததும் பொங்கல் தட்டோடு உட்கார்ந்துவிட்டேன்.

மெஷின் ஓட்டுபவன் உள்ளே மெஷினுக்குப் பின்னாலிருந்து கத்தினான். "மச்சான், கதவ சாத்திட்டியா? மீட்டர் இன்னா காட்டுது?"

"எல்லாம் சரியா கீது, ஓட்டு!" வாய் நிறையப் பொங்கல்.

கை கழுவப் போனபோதுதான் ஒற்றைக் காலில் செருப்பு இல்லாதது தெரிந்தது. ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். மீட்டர் எங்கேயோ ஏறி நின்றது. நோட்டில் முந்தைய நாள் எண்ணையே எழுதினேன். ஓடுகிற ஃபிலிமைக் குனிந்து விளக்குக்கு எதிரே பார்த்தேன். கண்ணாடியில் மூச்சு விட்டது போல ஒரு மங்கல்.

"இன்னா மச்சான், மூஞ்சி தெரியுதா?" என்று சிரித்தான் அவன்.

"தெரியுது. கேவலமா கீது," என்றேன்.

சோதனைக்கு ரோலின் கடைசி முழத்தைத்தான் வெட்டுவார்கள். அது கதவைச் சாத்திய பிறகு வந்தது. பாஸ் ஆகிவிட்டது. நேற்றுச் சொல்லலாம் என்றிருந்தேன். அவன் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அதுவும் பொய், பயந்தது என் வேலைக்கு. கண்ணை மூடினால் யாரோ ஒருவருடைய வெந்த முதுகு தெரிகிறது. இன்று சாப்பாட்டு மணிக்குள் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட...

லோடு ஏற்றும் பையன் வாசலிலிருந்து கத்துகிறான்:

"அண்ணாத்த! ஆஸ்பத்திரிக்கு ஃபிலிம் ஏத்துன வண்டி கெளம்பப் போவுது. ஈரம் எழுதுற நோட்டுல உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. சீக்கிரம் வா!"