யார் முதலில் சொல்வது?

தாக் ஹேஜின் பிப்ரவரியில் பிறந்தவள். அவள் வாழ்க்கையின் பாதிச் சிக்கல் அங்கேயே தொடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் கொரியாவில் ஜனவரி, பிப்ரவரிப் பிள்ளைகளை முந்தின வருடத்துப் பிள்ளைகளோடு சேர்த்துப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே அவளோடு படித்தவர்கள் எல்லாம் ஒரு வயது மூத்தவர்கள். அவள் வயதுக்காரிகள் எல்லாம் ஒரு வகுப்பு கீழே. இரண்டு பக்கமும் அவளிடம் வாடி போடி என்றுதான் பேசும். அவளும் அப்படியே. தனித்தனியாக இருக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. ஒரு வயது கூடினாலே அக்கா என்றழைக்கும் ஊரில் இரண்டு பக்கத்தையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தால் யார் யாருக்கு அக்கா, யார் யாருக்கு முதலில் ஊற்றுவது என்று தெரியாமல் சோஜு மதுப் பாட்டில் அந்தரத்தில் நிற்கும்.

அதனால் அவள் உட்காரவைப்பதே இல்லை. பிறந்தநாளைக்கூட இரண்டு தடவை கொண்டாடுவாள். எனக்கு இரண்டு தடவையும் கேக் கிடைத்ததால் நான் அதைக் கண்டித்ததில்லை.

நான் மேங். பாங்யோவில் ஒரு சின்ன நிறுவனத்தில், ஹேஜின் உருவாக்கிய 'நாரு' என்ற நிரல்மொழிக்குச் சோதனை பார்க்கிறவள். குழுவில் எல்லோரையும்விட மூத்தவள் என்பதால் எனக்கு இந்தக் குழப்பம் கிடையாது. எல்லோருக்கும் நான் அக்கா. பொறுமை மட்டும் கொஞ்சம் கம்மி.

நாருவை ஹேஜின் தனியாளாகத் தொடங்கினாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொன்ன அம்மாவிடம், "இத முடிச்சிட்டு வரேம்மா" என்றாள். நிரல்மொழி என்பது முடிகிற சங்கதி இல்லை என்று அம்மாவுக்குத் தெரியாது. எழுதிய நிரலைக் கணினி ஓட்டும்படி மாற்றித் தரும் கம்பைலரிடம் அவள் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவாள். "ஏங்க, மறுபடியும் நின்னுட்டீங்களே" என்று திரையைப் பார்த்துச் சொல்வாள். அதென்ன கம்பைலருக்கு 'ங்க' என்று கேட்டேன். "அது எந்த வருஷம் பொறந்ததுன்னு யாரு கண்டாக்கா? நான் மொதல் வரி எழுதினதுலேர்ந்தா, ஓட ஆரம்பிச்சதுலேர்ந்தா?" என்றாள். இவளிடம் கேட்டது என் தப்பு.

நாருவின் பெருமை என்னவென்றால், அது எண்ணைச் சும்மா எண்ணாக விடாது. டன்னா, கிலோவா, மீட்டரா என்று வகை பார்க்கும். எழுதுகிறவர் சொல்லாவிட்டாலும் அக்கம்பக்கத்துக் கணக்கிலிருந்து தானே கண்டுபிடித்துக்கொள்ளும். கிலோவையும் மீட்டரையும் கூட்டினால் கையைப் பிடித்து நிறுத்தும். புசான் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளை ஓட்டும் நிறுவனம் ஒன்று இதற்காகவே எங்களைத் தேடி வந்தது. வந்து தங்கள் நிரலைக் கொடுத்தார்கள். நாரு அதைத் தின்னப் பார்த்துத் தொண்டையில் சிக்கி விழுந்தது.

காரணம் சுழல். இது என்ன வகை என்று கேட்டால், அதைப் பார்த்தால்தான் தெரியும் என்கிறது. அதைப் போய்க் கேட்டால், இதைப் பார்த்தால்தான் தெரியும் என்கிறது. நாரு இங்கும் அங்கும் அலைந்து, கணினியின் நினைவகம் முழுவதையும் தின்று தீர்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் செத்துவிடும். ஹேஜின் எதை முதலில் பார்ப்பது என்று வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒரு இடத்தில் சரியானால் இன்னொரு இடத்தில் விழுந்தது.

எங்கள் தலைவர் நல்ல மனிதர்தான், ஆனால் கையில் காசில்லாத நல்ல மனிதர். "மாசக் கடைசில புசான்காரங்க வர்றாங்க. அவங்க நிரல் நாருல ஓடணும். இல்லன்னா நாருவ மூடிட்டு வேற வேலையப் பாக்க வேண்டியதுதான்" என்றார். ஹேஜின் தலையாட்டினாள். அன்று மத்தியானம் சோற்றில் கையே வைக்கவில்லை. கீரை இலைக்குள் கறியை வைத்துச் சுருட்டி வாய் கொள்ளாமல் திணிக்கிறவள் அவள்.

உதவிக்குத் தலைவர் ஒரு ஆளைக் கொண்டுவந்தார். கைராசிக்காரி, பெயர் பாங் இன்யோங். ஹேஜினோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். ஏற்கெனவே குழுவில் இருந்தவள் ஓக் ஜுரி. ஹேஜின் பிறந்த அதே வருடம் பிறந்தவள், பழைய நிறுவனத்திலிருந்தே அவளுக்கு உயிர்த்தோழி. ஆக, காலமெல்லாம் தனித்தனி மேஜையில் வைத்திருந்த இரண்டு பேரும் ஒரே மேஜைக்கு வந்துவிட்டார்கள்.

அலுவலகத்தில் பாதகமில்லை. எல்லோரையும் பெயரோடு 'நிம்' சேர்த்து மரியாதையாக அழைக்க வேண்டும் என்பது நிறுவன விதி. அந்த விதி கறி வேகும்வரை தாங்கும். இன்யோங்கை வரவேற்க, மேஜையிலேயே கறி வாட்டித் தின்னும் ஹோட்டலில் வைத்த விருந்தில் இரண்டாவது பாட்டில் திறந்ததும் ஜுரி, "அக்கா, கிளாஸக் குடுங்க" என்று இரண்டு கையாலும் இன்யோங்குக்கு ஊற்றினாள். இன்யோங் அவளைவிட ஒரு வயது மூத்தவள், சரிதான். ஆனால் ஜுரி உடனே திரும்பி, "ஏய் ஹேஜின், நீ குடிக்கலியாடி?" என்றாள். இன்யோங்கின் முகம் கொஞ்சம் சுருங்கியது. தன் சிநேகிதியைத் தன் கண்முன்னால் ஒரு சின்னவள் 'டி' போடுகிறாளே.

அங்கேதான் ஹேஜின் அந்தக் காரியத்தைச் செய்தாள். எல்லோரும் சந்தோஷமாக இருக்கட்டுமே என்ற நல்ல எண்ணம். நல்ல எண்ணத்தில் செய்கிற கோணல் வேலைக்கு நிகர் கிடையாது.

"ஜுரி, இங்க பாரு. இன்யோங் என் ஃப்ரெண்டு. நீயும் என் ஃப்ரெண்டு. அப்புறம் உங்க ரெண்டு பேருக்குள்ள எதுக்கு அக்கா கிக்கான்னுட்டு? சும்மா பேர் சொல்லியே பேசுங்க."

ஜுரி சொன்னதைக் கேட்கிற பெண். "அப்டியா? சரி. இன்யோங், இந்தா, இந்தக் கறி வெந்துருச்சு, எடுத்துக்கோ."

இன்யோங் கறியை எடுக்கவில்லை. சாப்பிடும் குச்சிகளை மெதுவாகக் கீழே வைத்தாள். "ஹேஜின், இத முடிவு பண்ணது யாரு? என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"இல்லடி, நான் என்ன நெனச்சேன்னா..."

"நீயே நெனச்சுக்கோ. நான் கெளம்பறேன்."

ஜுரிக்குக் காது வரை சிவந்துவிட்டது. "நீதான சொன்ன? இப்ப நான் மரியாத தெரியாதவளா ஆயிட்டேன்" என்று ஹேஜினிடம் சீறிவிட்டு அவளும் கிளம்பினாள். மிச்சக் கறியை நானும் தலைவரும் தின்றோம். கருக விட முடியுமா?

மறுநாளிலிருந்து நான் தபால்காரி. நிரலை வாசித்து எது எது எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் பகுதி இன்யோங்குடையது. எது என்ன வகை என்று கண்டுபிடிக்கும் பகுதி ஜுரியுடையது. இரண்டும் சேர்ந்தால்தான் சுழலைச் சரிசெய்ய முடியும்.

"மேங் அக்கா, அவ வகைப் பகுதிய அனுப்பினா நான் என்னோடத அனுப்பறேன்னு சொல்லிடுங்க" என்றாள் இன்யோங்.

"அவங்க குறிப்பு வந்தாத்தான்க்கா நான் தொடவே முடியும். மொதல்ல அவங்கள அனுப்பச் சொல்லுங்க" என்றாள் ஜுரி.

இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து எனக்கு முட்டி வலி வந்துவிட்டது. ஹேஜின் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள், இரண்டு பக்கமும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு காலையில் எனக்குத் தாங்கவில்லை. நடு அறையில் நின்று கத்தினேன்.

"ஏம்மா, முழுசா யாரும் அனுப்ப வேணாம்! வெறும் பேர மட்டுமாவது எழுதி அனுப்பித் தொலைங்களேன்! உள்ள என்ன இருக்குன்னு அப்புறமா பாத்துக்கலாம். பேரக் குடுத்தா கொறஞ்சா போயிடுவீங்க?"

இன்யோங் எழுந்து வெளியே போனாள். ஜுரி காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். ஹேஜின் மட்டும் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க."

"தொலைங்கன்னு சொன்னேன்."

"அது இல்லக்கா. பேரு மட்டும்னு சொன்னீங்களே!"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டச்சுப் பலகைமேல் கவிழ்ந்தாள். நாரு இத்தனை நாளும் ஒவ்வொன்றிடமும் போய், நீ யார், உன் வயிற்றில் என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் இப்போதே சொல் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் ஒவ்வொன்றும் அடுத்ததைக் கைகாட்டியது. ஹேஜின் அதை மாற்றினாள். முதல் சுற்றில் பெயர் மட்டும். அடுத்த சுற்றில் வெளியே தெரிகிற அளவு மட்டும். உள்ளே இருப்பதைத் தேவைப்படும்போது, தேவைப்படுகிற அளவுக்கு. புசான் நிரலில் விழுந்துகொண்டிருந்த இடங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. பெரும்பாலானவை சுழலே இல்லை; நாங்கள் அளவுக்கு மீறிக் கேட்டதால் சுழலாகத் தெரிந்தவை. அந்த யோசனை என்னுடையது என்று நான் சொன்னால், "அக்கா, நீங்க திட்டினீங்க, யோசன சொல்லல" என்கிறாள். இருக்கட்டும்.

ஆனால் ஒன்று மட்டும் மிஞ்சியது. பாரந்தூக்கியின் கை எவ்வளவு நீளலாம் என்பது சுமையிலிருந்து வரும் கணக்கு. சுமை எவ்வளவு என்பது காற்றுக்கு விட வேண்டிய இடைவெளியிலிருந்து. அந்த இடைவெளி, கை நீளத்திலிருந்து. எதற்குமே டன், மீட்டர் என்று அலகு எழுதியிருக்கவில்லை. இது உண்மையான சுழல். எப்படிக் கேட்டாலும் பதில் வராது.

இப்போது ஜுரியும் இன்யோங்கும் வேறு வழியில்லாமல் ஒரே மேஜைக்கு வந்தார்கள். கண்ணைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துப் பேசினார்கள்.

"நாருவே ஒண்ண ஊகிச்சுக்கட்டும். கிலோன்னு வச்சா எல்லாம் பொருந்துது. விருந்தாளிங்க முன்னாடி தடங்கலே வராது" என்றாள் ஜுரி.

"சுழல் இருந்தா நிரலையே வேணாம்னு தள்ளிடணும். அவங்க திருத்திட்டு வரட்டும்" என்றாள் இன்யோங்.

ஹேஜின் தலைநிமிராமல் சொன்னாள்.

"ஊகிக்கக் கூடாது. அன்னிக்கு ஹோட்டல்ல நான் பண்ணது அதுதான. இவ எனக்குச் சமம், அவ எனக்குச் சமம், அப்ப ரெண்டு பேரும் சமம்னு நானே முடிவு கட்டினேன். உங்க ரெண்டு பேரையும் கேக்கவே இல்ல. அதுக்காக மேஜைய விட்டே தொரத்தறதும் சரியில்ல. எந்த எடத்துல மாட்டிக்கிச்சுன்னு காமிச்சு, எழுதினவங்களயே கேக்கலாம். அவங்க ஒண்ணு சொன்னாப் போதும், மத்ததெல்லாம் நாருவுக்கே தெரிஞ்சிடும்."

"புசான்காரங்க பாத்துக்கிட்டிருக்கும்போது நாரு நின்னு கேள்வி கேக்குமா? மூடிடுவாங்கடி!" என்றாள் ஜுரி.

"மூடினா மூடட்டும். தப்பா ஓடறதுக்கு மூடறது தேவலாம்." அப்போது அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், அதை எதற்கு மறைப்பது.

ஜுரி முதல்முறையாக இன்யோங்கை நேராகப் பார்த்தாள். "நான் உங்கள எப்டிக் கூப்பிடணும்? நீங்களே சொல்லிடுங்க."

இன்யோங் யோசித்தாள். "அக்கான்னே கூப்பிடு. ஆனா இவள என் முன்னாடியே வாடி போடின்னு பேசு. அது உங்க ரெண்டு பேர் சமாச்சாரம், எனக்கு ஒண்ணும் இல்ல." அப்புறம் ஹேஜின் பக்கம் திரும்பினாள். "எரும, இத அன்னிக்கே கேட்டிருந்தா கறியாவது தின்னுருப்பேன்."

அவ்வளவுதான் விஷயம். என் முட்டி வலிதான் மிச்சம்.

புசானிலிருந்து வந்தவர் யோம் என்கிற தலை நரைத்த பொறியாளர். சிரிக்கத் தெரியாத முகம். அவர் தன் நிரலைத் தானே நாருவில் ஓட்டினார். தலைவர் பின்னால் நின்று கை பிசைந்தார். நாரு ஓடியது, ஓடியது, நின்றது. திரையில் ஹேஜின் எழுதிய வாசகம் வந்தது.

"இந்த மூன்றும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கின்றன. நானாக ஊகிக்க விரும்பவில்லை. தயவுசெய்து ஏதாவது ஒன்றின் அலகை நீங்கள் சொல்லுங்கள்." கீழே மூன்று இடங்களும் அம்புக்குறியோடு தெரிந்தன.

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. ஹேஜின் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடியும் படித்தார். நிரலின் அந்தப் பகுதியைத் திறந்தார். மேலும் கீழும் போய் வந்தார். சுமை என்ற இடத்தில் 'டன்' என்று ஒரே ஒரு சொல் சேர்த்தார். மறுபடி ஓட்டினார்.

நாரு இன்னொரு இடத்தில் நின்றது. இந்த முறை கேள்வி இல்லை. டன்னில் வருகிற சுமையை இங்கே கிலோவாக எடுத்திருக்கிறீர்கள் என்று ஒரு வரியைக் காட்டியது.

யோம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத யாரும் பாக்கல. நானும் பாக்கல" என்றார் மெதுவாக. "இது அடுத்த மாசம் பாரந்தூக்கில ஏறியிருக்கும். கீழ எங்க ஆளுங்க நிப்பாங்க."

அந்த வரியைத் திருத்தி ஓட்டினார். நாரு கடைசிவரை ஓடி முடித்தது. அவர் எழுந்து தலைவரைத் தாண்டி ஹேஜினிடம் வந்து, தன் வயதையும் பதவியையும் பாராமல் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். "இத்தன வருஷமா நான் எழுதறத எல்லா மெஷினும் சரி சரின்னு கேட்டுக்கும். என்னத் திருப்பிக் கேட்டது இதுதான். நாங்க இதையே எடுத்துக்கறோம்."

ஹேஜின் அவரைவிடத் தாழக் குனிந்தாள். அவர் போனதும் நிமிர முடியாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"ஏய், எழுந்திருடி, நாரு பொழச்சிருச்சு" என்று ஜுரி ஒரு கையைப் பிடித்தாள். இன்யோங் மற்றக் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அவளைத் தூக்கி நிறுத்தினார்கள்.